சேலத்து வெயிலுக்கு கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன்: மேலே மாட்டுவதா, முன்பக்கத்தைத் திறப்பதா, அடியில் ஓட்டை போடுவதா?

என் வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். அம்மாபேட்டையில் மாடியில் ஒரே அறை, தலைக்கு மேலே வெறும் காங்கிரீட் தளம், பக்கத்து வீட்டில் விடிய விடிய ஓடும் தறி. சித்திரை பிறந்துவிட்டால் பகலில் குடித்த வெயிலை அந்தத் தளம் ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ஒன்பது மணிக்கும் வெப்பமானி 35 டிகிரி காட்டும். இந்த அறையில்தான் ரைசன் 5 5600 சிபியு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்ட என் கம்ப்யூட்டர் நாளைக்குப் பத்து மணி நேரம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) ஓட்டுகிறது. கேபினட் முன்னால் முழுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் விளக்கோடு மூன்று ஃபேன், பின்பக்கம் ஒன்று. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கியது.

போன கோடையில் கிராபிக்ஸ் கார்டு 83, 84 டிகிரியிலேயே நிற்க ஆரம்பித்தது. என்விடியா கார்டுகள் வழக்கமாக 83 டிகிரியைத்தான் இலக்காக வைத்துக்கொள்ளும், அதைத் தொட்டதும் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கார்டு கெட்டுப்போகாது, சரி, ஆனால் ரெண்டர் இழுத்துக்கொண்டே போகும், கார்டின் ஃபேன் கத்தும் கத்தலில் பின்னணி இசையின் அளவைச் சரிபார்க்க முடியாது. கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் வந்தது: இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டு.

மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை மாதம் ஒவ்வொரு வழியாகச் செய்து, அளந்து பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை ஃபேன் என்பது இரண்டாவது கேள்வி. வெளியிலிருந்து வரும் புதுக்காற்று, வழியில் எங்கேயும் சூடாகாமல், கிராபிக்ஸ் கார்டின் வாய்க்கு நேராகப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கார்டுதான் பெட்டிக்குள் இருக்கிற பெரிய அடுப்பு. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் எடுக்கும், ரைசன் 5 5600 குறிப்பில் 65 வாட்.

ஃபேன் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டர் எடுக்கும் மின்சாரம் எல்லாமே கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 300 வாட் சூட்டை நிமிடத்துக்கு 50 கன அடி காற்றில் ஏற்றி அனுப்பினால் அந்தக் காற்று உள்ளே வந்ததைவிட சுமார் 10, 11 டிகிரி கூடுதலாகச் சூடாகி வெளியேறும். 100 கன அடி அனுப்பினால் ஐந்து டிகிரிதான் கூடும். அதை 200 ஆக்கினால் இரண்டரை. அதாவது முதல் ஐம்பதிலிருந்து நூறுக்குப் போவதில் ஐந்து டிகிரி லாபம், நூறிலிருந்து இருநூறுக்குப் போனால் அதில் பாதிதான் தேறும், சத்தம் மட்டும் ஏறும். அறை 36 டிகிரி என்றால் எத்தனை ஃபேன் வைத்தாலும் அந்த 36-க்குக் கீழே எதுவும் போகாது, அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். அதனால் நான் கார்டின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை, அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்றுதான் குறித்துக்கொள்வேன். மார்ச் மாத அளவையும் மே மாத அளவையும் ஒப்பிட வேறு வழி கிடையாது.

அளந்த விதம் இதுதான். கார்டின் ஃபேனை 70 சதவீதத்தில் பூட்டிவிட்டேன், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வேகம் மாற்றிக்கொண்டு எல்லா அளவையும் குழப்பிவிடும். ஒரே புராஜெக்ட், அரை மணி நேர ரெண்டர், கேபினட் காற்று இழுக்கும் இடத்தில் ஒரு வெப்பமானி. ஒன்றும் செய்யாத நிலையில் கார்டு அறையைவிட 48 டிகிரி கூடுதல். இனி வரும் எண்கள் எல்லாம் என் ஒரு பெட்டியில் வந்தவை, உங்கள் பெட்டியில் இரண்டு மூன்று டிகிரி இப்படி அப்படி இருக்கும், ஆனால் எது எதைவிட மேல் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

காசு செலவில்லாத வழியை முதலில் பார்த்துவிடலாம். நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிள்களில் கேபினட் வைக்க என்றே மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு அறை இருக்கும். அதற்குள் கேபினட்டை வைத்தால் பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு, முன்பக்கம் வந்து மறுபடியும் உள்ளே போகும். உள்ளே எந்த ஃபேனை எப்படி மாட்டினாலும் பயனில்லை. கேபினட்டை அந்தப் பொந்திலிருந்து வெளியே எடுங்கள், பின்பக்கச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைப்பது நம்மில் பாதிப்பேர் செய்வது. நானும் இரண்டு கோடை அப்படித்தான் ஓட்டினேன். கண்ணாடியைக் கழற்றினாலே 48 என்பது 39 ஆனது, ஒன்பது டிகிரி. இதிலிருந்தே கார்டு காற்றில்லாமல்தான் தவித்தது என்று தெரிந்துகொள்ளலாம். திறந்து வைத்து இவ்வளவு இறங்கினால் உங்கள் கேபினட்டின் காற்று வழி சரியில்லை என்று அர்த்தம், எந்தப் பெட்டிக்கும் இதுதான் முதல் பரிசோதனை. ஆனால் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். தறி ஓடும் தெருவில் பறப்பது வெறும் மண் தூசி இல்லை, பஞ்சு இழை. அது ஹீட்சிங்க்கின் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பகுதி) தகடுகளுக்கு நடுவே போய் ஒன்றோடு ஒன்று பின்னி, கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். திறந்த பெட்டியை இரண்டு மாதம் ஓட்டிவிட்டு சிபியு ஃபேனைக் கழற்றியபோது, அடியில் இருந்த அலுமினியமே கண்ணுக்குத் தெரியவில்லை. பிரஷ் வைத்துத் தேய்த்தால் போகாது, இடுக்கியால் பிடித்து உரிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது, எல்லோரும் சொன்னபடி மேல்பக்கம் இரண்டு ஃபேன், காற்றை வெளியே தள்ளும் திசையில். சூடான காற்று மேலே போகும், அதனால் மேலேதான் ஃபேன் வைக்க வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்படும். உண்மைதான், மேலே போகும், ஆனால் அந்த எழுச்சிக்கு இருக்கிற வலு ரொம்பக் குறைவு, ஒரு சாதாரண ஃபேன் அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிவிடும். இரண்டும் மாட்டியபின் 48 என்பது 46 ஆனது. இரண்டே டிகிரி. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு ஊதுபத்தி போதும். பற்றவைத்து கேபினட்டின் பின்பக்கம், கார்டுக்குக் கீழே இருக்கிற காலி ஸ்லாட் மூடிகளின் இடுக்கில் பிடித்தேன். புகை நேராக மேலே போகாமல், வளைந்து, நூல் மாதிரி அந்த இடுக்குக்குள் போயிற்று. முன்பக்கக் கண்ணாடி வழியாகப் போதுமான காற்று வர முடியாததால், வெளியே தள்ளும் ஃபேன்கள் கிடைத்த ஓட்டை உடைசலில் இருந்தெல்லாம் காற்றை உறிஞ்சுகின்றன. அப்படி வரும் காற்றுக்கு வலையும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. ஊதுபத்தியை மேல்பக்க முன் ஃபேனுக்கு நேரே, கேபினட்டுக்கு உள்ளே பிடித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: முன்பக்கம் கஷ்டப்பட்டு உள்ளே வரும் குளிர்ந்த காற்றை, அது சிபியு பக்கம் போவதற்கு முன்பே அந்த ஃபேன் மேலே இழுத்து வெளியே தள்ளிவிடுகிறது. முன் மூலையில் இருந்ததைக் கழற்றிவிட்டு, பின் மூலையில் ஒன்றை மட்டும் விட்டேன். வெப்பநிலையில் வித்தியாசமே இல்லை, சத்தம் குறைந்தது. மேல்பக்கம் மாட்டத்தான் வேண்டும் என்றால் பின் மூலையில் ஒன்று, அதுவும் முன்பக்கம் நன்றாகத் திறந்திருக்கிற கேபினட்டில் மட்டும்.

அப்படியென்றால் முன்பக்கத்தைத் திறப்போம் என்று கண்ணாடியைக் கழற்றினேன். நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளில்தான் அது நிற்கிறது. ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிதான் இருந்தது, காற்று பக்கவாட்டில் அந்தச் சந்தில் நுழைந்து, சட்டென்று திரும்பி ஃபேனுக்கு வர வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டினேன். 48 என்பது 41. பத்து ரூபாய்க் கொசுவலை இரண்டு ஃபேன் செய்யாததைச் செய்தது. கண்ணாடியை விட மனசில்லாதவர்கள், கொக்கிகளுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்து அதை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பொருத்தலாம், பாதி லாபமாவது கிடைக்கும்.

இங்கே ஃபேனின் ரகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருப்பது, எதிரே எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. வலையும் வடிகட்டியும் எதிரே நின்றால் அது கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத் தீர்மானிப்பது அழுத்தம், அதை மில்லிமீட்டர் நீர் அளவாகப் போட்டிருப்பார்கள். ஆர்க்டிக் பி12 என்ற ஃபேன் நிமிடத்துக்கு 1800 சுற்றில் 56 கன அடியும் 2.2 மில்லிமீட்டர் அழுத்தமும் தரும். நாக்டுவாவின் எஸ்12ஏ 1200 சுற்றில் 63 கன அடி தரும், ஆனால் அழுத்தம் 1.2 மில்லிமீட்டர்தான். வலைக்குப் பின்னால் உள்ளே இழுக்க முதல் ரகம், தடையில்லாத பின்பக்கத்தில் வெளியே தள்ள இரண்டாவது ரகம். கலர் விளக்கு ஃபேன்கள் பலவற்றில் அழுத்தம் எவ்வளவு என்றே போட்டிருக்க மாட்டார்கள், அதை வாங்காதீர்கள்.

சரி, அடியில் ஓட்டை போடுவது. எனக்கு மனசுக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய கார்டுகளில் ஃபேன் கீழ்நோக்கித்தான் இருக்கும். கீழே இருந்து காற்றை இழுத்து, சூடாக்கி, பக்கவாட்டில் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடும். அதற்குக் கீழே இருப்பது எஸ்எம்பிஎஸ்-ஐ, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியை, மூடிய தகடு. கார்டுக்கும் அந்தத் தகடுக்கும் நடுவே என் பெட்டியில் ஏழு சென்டிமீட்டர். முன்பக்கக் காற்று அந்தச் சந்துக்குள் சரியாக வராததால், கார்டு தான் விட்ட சூட்டையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, 120 மில்லிமீட்டர் ஃபேனை மேல்நோக்கி வைத்து, நேர்கீழே கேபினட்டின் அடித்தகட்டிலும் ஒரு வட்டம் வெட்டிவிட்டால், தரையிலிருந்து வரும் புதுக்காற்று நேராகக் கார்டின் வாய்க்குப் போகும். ஃபேனின் தடிமன் 25 மில்லிமீட்டர், ஏழில் இரண்டரை போனால் நாலரை சென்டிமீட்டர் மிச்சம், அது போதும். மூன்றுக்கும் கீழே வந்தால் 15 மில்லிமீட்டர் மெலிந்த ஃபேன் தேட வேண்டும், அல்லது இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

முதலில் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், வயர் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக ஆக்கிக்கொள்ளுங்கள். இதில் சோம்பல் பட்டு உள்ளே பொருளை வைத்துக்கொண்டே துளை போட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு இரும்புத் துகள் போதும், போர்டு போய்விடும். ஹார்டு டிஸ்க் கூண்டு என் பெட்டியில் சரியாக ஃபேன் வரும் இடத்தில் இருந்தது, நான்கு ஸ்குரூ எடுத்ததும் கழன்றுவிட்டது. பழைய செய்தித்தாளில் 120 மில்லிமீட்டர் சதுரம் வெட்டி, ஸ்குரூ துளைகளுக்கு நடுவே 105 மில்லிமீட்டர் வருமாறு குறித்து, கார்டின் இரண்டு ஃபேனுக்கும் நடுவில் வருகிற மாதிரி தகட்டில் ஒட்டினேன். வெட்ட வேண்டிய வட்டத்துக்கு நாலரை அங்குல ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பம்) அளவெடுத்த மாதிரி பொருந்தும். அது என்னிடம் இல்லை. தறிக்குச் சாமான் செய்துகொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பட்டறை அண்ணன் தகட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய் வெளியே வந்தது.

“தம்பி, இது அரை எம்எம் தகடு. நேரா பிட்ட இறக்குனா சுத்திக்கிட்டுக் கிழிஞ்சிரும். அடியில பலகை வெச்சு, நாலு பக்கமும் கிளாம்ப் போட்டாத்தான் வட்டம் வட்டமா வரும்.”

“நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே போட்டுக்கலாங்ணா.”

“ரெண்டும் ஒரே மட்டத்துல வரணுமில்ல? அப்ப மேல் தகட்டுல நடுத்துளை போட்டு, அதுலயே குண்டூசி மாதிரி ஒரு கம்பிய விட்டுக் கீழ மார்க் பண்ணிக்க.”

அந்தக் கம்பி யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. மெதுவாக, நடுநடுவே எண்ணெய் விட்டு, இருபது நிமிடத்தில் இரண்டு வட்டமும் வெட்டி முடித்தார். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், வயர் உரசினால் தோல் கிழியும். அரத்தால் சுற்றி ஓட்டி, உப்புத்தாள் போட்டு, வளைவான ரப்பர் பீடிங் சுற்றிவிட்டேன். ஃபேனுக்கு மேலே கம்பி கிரில் ஒன்று, கார்டின் வயர் தவறி உள்ளே விழாமல் இருக்க. தகட்டிலேயே சின்னச் சின்ன ஓட்டையாக அடித்த சல்லடையைவிட இந்தக் கம்பி கிரில் காற்றைக் குறைவாகத் தடுக்கும், அதனால்தான் முழு வட்டமாக வெட்டச் சொல்கிறேன். கேபினட்டின் கால் ஒரு சென்டிமீட்டர் உயரம்தான் இருந்தது, அதற்கு அடியில் வாஷிங் மெஷினுக்கு வைக்கும் ரப்பர் புஷ் நான்கு வைத்து நாலு சென்டிமீட்டருக்கு உயர்த்தினேன். இதைச் செய்யாமல் விட்டால் ஃபேன் தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்.

முன்பக்கக் கண்ணாடியைப் பழையபடி மாட்டிவிட்டு, அடி ஃபேன் ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்த்தேன்: 48 என்பது 39. பக்கவாட்டைத் திறந்து வைத்தால் என்ன கிடைத்ததோ, அதே அளவு, பெட்டி மூடியிருக்கும்போதே. முன்பக்கம் கொசுவலையும் அடி ஃபேனும் சேர்த்தால் 35. பதின்மூன்று டிகிரி இறங்கிவிட்டது. ஃபேன் ஒன்று, பட்டறைக் கூலி, பீடிங், கிரில் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

பக்கவாட்டில் ஃபேன் வைக்கும் வழியையும் விடவில்லை. இது புதிதல்ல. பெண்டியம் 4 காலத்து கேபினட்டுகளில் பக்கக் கதவில் ஒரு பிளாஸ்டிக் புனல் இருக்கும், நினைவிருக்கிறதா? அறை 35 டிகிரி இருந்தாலும் சிபியு ஃபேனுக்கு வந்து சேரும் காற்று 38-ஐத் தாண்டக் கூடாது என்று இன்டெல் வகுத்த கணக்குக்காக வந்தது அது. வெளிக்காற்றை வேறெதிலும் கலக்காமல் அடுப்பின் வாய்க்கே கொண்டுபோ என்பதுதான் அந்தப் புனலின் யோசனை, இன்றைக்கு அடுப்பு சிபியு-விலிருந்து கார்டுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். பக்கவாட்டுக் கண்ணாடியில் மட்டும் துளை போட நினைக்காதீர்கள், டெம்பர்டு கண்ணாடி பிட் பட்ட நொடியில் தூள் தூளாகிவிடும். அதற்குப் பதிலாகப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் நாலு எம்எம் அக்ரிலிக்கில் அதே அளவுக்கு லேசரில் வெட்டித் தருவார்கள், ஃபேன் துளையும் சேர்த்தே. நான் கார்டுக்குச் சற்றுக் கீழே ஃபேனின் மையம் வரும்படி வெட்டினேன். அது மட்டும் ஓடியபோது 37 வந்தது, அடி ஃபேனைவிட இரண்டு டிகிரி நல்லது. ஆனால் சத்தம் நேராகக் காதுக்கு வருகிறது, அக்ரிலிக் அதிர்கிறது, உள்ளே கை வைக்க வேண்டியபோதெல்லாம் ஃபேன் வயரைக் கழற்றி மாட்ட வேண்டும். கேபினட் மேசைக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. கேபினட்டை வெட்டவே மனசில்லாதவர்களுக்கு இது நல்ல வழி, பழைய கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

வாட்டர் கூலிங் கேட்பவர்களுக்கு: வழக்கமாகக் கிடைப்பது சிபியு-வை மட்டும்தான் குளிர்விக்கும். 65 வாட் சிபியு-வுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை, கார்டின் சூடு அப்படியே இருக்கும். பஞ்சு பறக்கும் இடத்தில் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளைச் சுத்தம் செய்வது இன்னொரு வேலை.

கேபினட்டையே மாற்றிவிடுவது? இன்னும் கேபினட் வாங்காதவர்கள், முன்பக்கம் முழுக்கச் சல்லடையும் கார்டுக்குக் கீழே ஃபேன் மாட்ட இடமும் இருக்கிற ஒன்றைப் பார்த்து வாங்குங்கள், இவ்வளவு பாடும் பட வேண்டாம். ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பவர் நல்ல சல்லடைப் பெட்டிக்கு மாற, நான் செலவழித்ததைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும். அதிலும் அடியில் காற்று வழி இல்லாத பெட்டி என்றால் நான் கொசுவலை கட்டியதால் கிடைத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

தூசி விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி மாதிரி தறி ஓடும் பகுதிகளில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதையே இது தீர்மானிக்கிறது. உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் ஒரு பொட்டு அதிகமாகி, இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், ஊதுபத்திப் புகை ஸ்லாட் இடுக்கில் விலகிப் போவதைப் பார்க்கலாம். உள்ளே வரும் காற்று முழுக்க வலை வழியாக மட்டும் வரும். என் பெட்டியில் இப்போது முன்னால் மூன்று, அடியில் ஒன்று உள்ளே, பின்னால் ஒன்று வெளியே.

ஆனால் வலை அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உள்ளே வரும் காற்று குறையும், வெளியே தள்ளும் ஃபேன் அதே வேகத்தில் இருக்கும், மறுபடி இடுக்கு வழியாகப் பஞ்சு நுழையும். அடிப்பக்க வலையை முதல் முறை கழற்றியபோது பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஓரத்தில் நகத்தால் கிளப்பினேன், சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய துணி மாதிரி, கிழியாமல், முழு வட்டமாக ஒரே வீச்சில் உரிந்து வந்தது. தறியில் நெய்யாமலே நெய்த துணி. அதை எடுத்துவிட்டு ஓட்டியதும் கார்டு நான்கு டிகிரி இறங்கியது. அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தவறாமல். கேபினட்டைக் கவிழ்க்காமல் வலையை எடுக்க, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கழித்துப்போட்ட கதவு ரப்பர் ஒன்றை வாங்கி, உள்ளே இருக்கும் காந்தப் பட்டையை உருவி, வலையின் நான்கு ஓரத்திலும் ஒட்டிவிட்டேன். தகட்டில் டப்பென்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும்.

ஃபேனை மாட்டினால் மட்டும் போதாது, எதைப் பார்த்து வேகம் கூட்டுவது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) பெரும்பாலும் சிபியு வெப்பநிலையைத்தான் ஆதாரமாக வைக்க முடியும். ரெண்டர் ஓடும்போது கார்டு கொதிக்க, சிபியு சும்மா இருக்க, அடி ஃபேன் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் முன் ஃபேனையும் அடி ஃபேனையும் கார்டின் வெப்பநிலையோடு இணைத்துவிட்டேன். முழு வேகத்தில் ஓட்டவும் தேவையில்லை. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே ஃபேன் எடுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும், சத்தமும் காதுக்குத் தெரிகிற அளவு இறங்கும், காற்று குறைவது அதே ஐந்தில் ஒரு பங்குதான். மதர்போர்டில் ஒரு ஃபேன் முனை வழக்கமாக ஒரு ஆம்பியர் தாங்கும், ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு மூன்று ஃபேன் மாட்டுவதில் பயமில்லை, ஃபேனின் ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியரை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா பையன் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிறான். அவனிடமும் இதே மாதிரி கண்ணாடிப் பெட்டிதான், அடியில் வெட்டலாமா என்று கேட்டான். அவனுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இருபது ஹேர்பின் வளைவு ஏறினால் கோடையிலும் அறை பத்து டிகிரி குறைவு. 1500 மீட்டர் உயரத்தில் காற்று நம் ஊரைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மெலிந்திருக்கும், அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சுமந்துபோகும் சூடு அந்த அளவு குறையும், இங்கே 35 டிகிரி கூடுதல் என்றால் அங்கே 38, 39 ஆகலாம். அறையே பத்து டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்போது அது ஒரு பொருட்டில்லை. தறிப் பஞ்சும் அங்கே கிடையாது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டினால் அவன் வேலை முடிந்தது. மூடுபனி உள்ளே போனால் தண்ணீர் கோக்காதா என்றும் கேட்டான். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே எல்லாமே வெளிக்காற்றைவிடச் சூடாகத்தான் இருக்கும், அதனால் கோக்காது. ஆனால் ஏற்காட்டுக் குளிரில் கிடந்த பெட்டியைக் காரில் வைத்துச் சேலத்துக்கு இறக்கினால், சில்லென்ற தகட்டில் நம் ஊர்க் காற்றின் ஈரம் படியலாம். இறக்கி வைத்து ஒரு மணி நேரமாவது பொறுத்து, தகடு அறைச் சூட்டுக்கு வந்தபிறகு சுவிட்சைப் போடச் சொல்லியிருக்கிறேன்.